மலைமேல் ஒரு பச்சைப் புள்ளி

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால், கம்ப்யூட்டருக்குள் மலைகளை வைத்திருக்கிறேன் என்றுதான் ஆரம்பிப்பேன். அந்த மலைகளில் ஒன்றின்மேல் ஒரு ரேடியோவை வைப்பேன். அது பேசினால் எந்தப் பள்ளத்தில் கேட்கும், எந்தச் சரிவில் கேட்காது என்று மென்பொருள் கணக்குப் போட்டுச் சொல்லும். கேட்கும் இடம் பச்சை, கேட்காத இடம் கறுப்பு. ராணுவப் பயிற்சிக்காக எழுதப்படும் மென்பொருள் அது. ஒரு சிப்பாய் நிஜமாக மலையேறுவதற்கு முன்னால், அங்கே அவன் குரல் எடுபடுமா என்று மேஜைமேலேயே பார்த்துவிடலாம். யாருக்குப் போகிறது என்று சொல்லக் கூடாதெனக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்குத் தெரியவும் தெரியாது. கம்பெனி பெங்களூரில். நான் ஆம்பூரில் ஒரு மாடி வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேலையின் இன்னொரு பாதி சூட்டைப் பற்றியது. சூடுள்ள எல்லாப் பொருளும் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. அகச்சிவப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்த வெளிச்சத்தைப் பார்க்கும் கேமராவுக்கு ஒரு மலையும் ஒரு ஜீப்பும் ஒரு மனிதனும் எப்படித் தெரிவார்கள் என்பதையும் எங்கள் மென்பொருள் வரைந்து காட்டும். சூடானது வெள்ளை, குளிர்ந்தது கறுப்பு. பாறை, மண், இலை, இரும்பு, துணி, மனித உடம்பு என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். எது எவ்வளவு நேரத்தில் சூடேறும், எவ்வளவு நேரத்தில் ஆறும் என்று ஒவ்வொன்றுக்கும் எண்கள் உண்டு. என் பின்னறை ஜன்னலுக்கு நேரே, தோல் பதனிடும் ஒரு டேனரியின் முற்றம். மதியத்தில் அங்கே தோல்களை வெயிலில் காயப் போட்டிருப்பார்கள். ஒரு நாள் விளையாட்டாக, பதனிட்ட தோலையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். எந்த ராணுவமும் அதைக் கேட்கவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இந்த வேலையை நாலைந்து வருஷம் செய்தால் கண் ஒரு மாதிரி ஆகிவிடும். பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணை மூடினால் ஊர் எனக்குக் கறுப்பு வெள்ளையில் வரும். பிரியாணிக் கடையின் தேக்சா அண்டா வெள்ளையாக எரியும். ஹைவேஸில் லாரி எஞ்சின்கள் வெள்ளை உருண்டைகளாக உருண்டு போகும். பகலெல்லாம் வெந்த மொட்டைப் பாறைகள் சாயங்காலத்துக்குப் பிறகும் ஆறாமல் நரைத்த நிறத்தில் கிடக்கும். யாராவது நாற்காலியை விட்டு எழுந்து போனால், அவருடைய சூடு சில நிமிஷம் நாற்காலியிலேயே இருக்கும். ஆள் போன பிறகு ஆளின் வடிவம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். அந்தப் பகுதியை எழுதியவளே நான்தான், ஆகவே நன்றாகத் தெரியும்.

என் கணவர் வேலூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதையும் அவசரப்பட்டுச் செய்யாதவர். ஊசி போடுவதற்கு முன்னால்கூடக் கண்ணை மூடி ஒரு நொடி ஜெபம் செய்துவிட்டுத்தான் போடுவார். நான் நேர்மாறு. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசிவிடுவேன், பிறகு உட்கார்ந்து வருத்தப்படுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பிடும்போது, ஒடுகத்தூருக்கு மேலே, மலைக்குள் இருக்கும் ஒரு சின்னக் கிளினிக்குக்குத் தன்னை மாற்றியிருக்கிறார்கள் என்றார். ஒரு வருஷத்துக்கு.

“மாத்துனாங்களா, நீங்க கேட்டீங்களா?”

“யாரும் பேர் குடுக்கல. அதான் நான் குடுத்தேன்.”

“எப்ப?”

“போன வாரம்.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அவர் தட்டில் இருந்த ரசத்தைப் பார்த்தார். “கேட்டா நீ வேணாம்னு சொல்லுவ.”

அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பெட்டி அடுக்கும்போது உதவவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்கு மட்டும் கூடப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, “மேல சிக்னல் கெடையாதாம். மாசத்துக்கு ஒருவாட்டி நாலு நாள் வருவேன். நடுவுல எப்படியாவது பேசப் பாக்கறேன்” என்றார்.

“ஒண்ணும் வேணாம். உங்க குரலே இனிமே என் காதுல விழ வேணாம்.”

சொன்ன வேகத்தில் பஸ்ஸில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பஸ் கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து, அவர் காலையில் டீ குடித்த நாற்காலியின்மேல் கையை வைத்தேன். முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. என் கணக்குப்படி எப்போதோ ஆறியிருக்க வேண்டும், ஆறித்தான் இருந்தது. ஆனாலும் கையை எடுக்க மனம் வரவில்லை. அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்க வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது. மதியம் போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது. நான் கேட்டபடியே நடந்துவிட்டது, அவர் குரல் என் காதில் விழவில்லை.

நேரில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். பெங்களூரில் அந்த மாதக் கடைசிக்குள் வேலையை ஒப்படைக்க வேண்டியிருந்தது. மலைக்கு மேலே ஆஸ்பத்திரி ஜீப் மட்டும்தான் போகும், அதில் வெளியாட்களை ஏற்ற மாட்டார்கள். இரண்டும் உண்மை, இரண்டும் சாக்கு. போய் நின்றால் தலை குனிந்துதான் நிற்க வேண்டும். அதற்கு என் கழுத்து இன்னும் பழகவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ராணுவம் உண்மையில் பயன்படுத்தப் போகும் இடங்களின் வரைபடம் என் வீட்டுக்கு வராது. சோதனை செய்து பார்க்க, பொதுவில் கிடைக்கும் ஏதாவது ஒரு மலையை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒடுகத்தூருக்கு மேலே இருக்கும் மலைகளைத்தான். பள்ளிகொண்டா பக்கம் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் பார்த்த மலை, பழகிய முகம். கம்பெனிக் கோப்பில் அதற்குப் பெயர் ‘பரப்பு நான்கு’. இரண்டு வருஷமாக அந்தப் பரப்பு நான்கில் நான் ரேடியோ வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது என் வீட்டுக்காரர் அதற்குள் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்த பிறகு, ஒடுகத்தூரில் பார்த்திருந்த செல்போன் டவரை என் மலையடிவாரத்தில் நட்டேன். அவர் போயிருக்கும் ஊரைக் கண்டுபிடித்து, கிளினிக் இருக்கும் இடத்தைக் குறித்தேன். கணக்கை ஓடவிட்டேன். மலைக்கு இந்தப் பக்கம் முழுவதும் பச்சை வழிந்தது. முகட்டைத் தாண்டியதும் கறுப்பு. கிளினிக், ஊர், வயல், ஓடை, எல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்புக்கு நடுவே, ஊருக்கு மேற்கே, ஒரு வீட்டின் அளவுக்கு ஒரே ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தேன்.

கணக்கு முடிவுகளை அச்செடுத்து வெளியே கொடுக்கக் கூடாது என்பது விதி. அதனால் ஒரு வெள்ளைத் தாளில் கையாலேயே வரைந்தேன். கிளினிக் வாசல், மேற்கே போகும் பாதை, முந்நூற்றுப் பத்துக் காலடி எண்ணி நடந்தால் புள்ளி. ‘வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே நில்லுங்கள். நான் கூப்பிடுகிறேன்’ என்று கீழே எழுதினேன். மன்னித்துவிடுங்கள் என்றும் எழுதிப் பார்த்தேன். லீவ் லெட்டர் மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன். வாயால் சொன்னதை வாயால்தான் திரும்ப வாங்க வேண்டும் என்று எனக்கொரு பிடிவாதம்.

ஆஸ்பத்திரி ஜீப்பை ஓட்டுகிற பாய் எங்களுக்கு அடுத்த தெரு. செவ்வாயும் வியாழனும் மருந்துப் பெட்டிகளை மேலே கொண்டுபோய்விட்டு, சாயங்காலம் ஊர் திரும்புவார். வியாழன் விடியற்காலையில் அவர் வீட்டு வாசலில் நின்று கடிதத்தைக் கொடுத்தேன்.

“இன்னாம்மா, போன் காலத்துல காயிதமா?”

“மேல சிக்னல் இல்ல பாய்.”

“அந்த மலைல எல்லாமே கம்மி. குளிரு மட்டும் ஜாஸ்தி. உங்க வூட்டுக்காரர் வெறும் சட்டையோட நடுங்கினு இருக்காரு. ஸ்வெட்டர் இருந்தா குடுங்க, எடுத்துனு போறேன்.”

பெட்டி அடுக்கும்போது நான் உதவியிருந்தால் ஸ்வெட்டர் அப்போதே போயிருக்கும். ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

அன்று நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மென்பொருளில் மனித உருவம் ஒன்று உண்டு, சிப்பாய். அவனிடமிருந்து துப்பாக்கியை எடுத்தேன், ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவனைப் பச்சைப் புள்ளியில் நிற்க வைத்து, சாயங்காலம் ஆறு மணி என்று நேரம் கொடுத்து, அகச்சிவப்பில் பார்த்தேன். ஆறிக்கொண்டிருக்கும் சாம்பல் நிற மலையில், சின்னதாக, வெள்ளையாக ஒரு ஆள் நின்றார். பிறகு நினைவு வந்து ஸ்வெட்டர் போட்டுவிட்டேன். கம்பளி சூட்டை வெளியே விடாது. உடம்பு மங்கிப் போய், முகமும் இரண்டு கைகளும் மட்டும் வெள்ளையாக மிதந்தன. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே தோல்களைச் சுருட்டி உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது பெண் குரல். ஆறு ஐந்து, ஆறு பத்து, ஆறரை வரைக்கும் கூப்பிட்டேன். அவளுக்கு அலுக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாய் ஒரு சீட்டைக் கொண்டுவந்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கம், அவருடைய உருண்டைக் கையெழுத்தில் இரண்டு வார்த்தை: ‘நின்றேன். கேட்கவில்லை.’

படித்ததும் அழுகை வந்திருக்க வேண்டும், எனக்குக் கோபம் வந்தது. என் கணக்கு தப்பாகாது. அந்தக் கணக்கை நம்பி ராணுவமே மலையேறப் போகிறது. மனிதர் வேறெங்கோ போய் நின்றிருக்கிறார். வேலூர் மார்க்கெட்டில் பைக்கை நிறுத்திவிட்டு எந்தப் பக்கம் என்று அரை மணி நேரம் தேடுகிறவர்தானே. ‘நீங்கள் தப்பான இடத்தில் நின்றிருக்கிறீர்கள். ஒழுங்காக அடியை எண்ணுங்கள். என் அடிக்கு முந்நூற்றுப் பத்து என்றால் உங்கள் நீளக் காலுக்கு முந்நூறு போதும்’ என்று எழுதி, வியாழன் காலை பாயிடம் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க ஏங்கிக்கொண்டே புதிதாக ஒரு சண்டையையும் அனுப்பிவைத்தவள் நான்.

இரண்டாவது வெள்ளிக்கிழமையும் அதே பெண் குரல்தான். செவ்வாய்க்கிழமை அடுத்த சீட்டு வந்தது: ‘முந்நூறு எண்ணி நின்றேன். முந்நூற்றுப் பத்திலும் நின்றேன். கேட்கவில்லை.’

“இன்னாம்மா எழுதிருக்காரு? ரொம்ப பேஜாரா இருக்காரு மனுஷன்” என்றார் பாய்.

“ஒண்ணுமில்ல பாய். சௌக்கியமாம்.”

‘கேட்கவில்லை’ என்ற அந்தச் சொல்லை நான் பஸ் ஸ்டாண்டில் சொன்னதற்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். அவர் வேண்டுமென்று எழுதவில்லை, அந்த மாதிரி மனிதர் இல்லை. ஆனாலும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் பெங்களூரிலிருந்து என்னுடன் வேலை செய்யும் பையன் கூப்பிட்டான். வயதில் சின்னவன், தெலுங்குக்காரன், தமிழை மெதுவாகப் பேசுவான்.

“அக்கா, பரப்பு நான்குல ஒரு ஆள் நிக்கிறாரு. நீங்க வெச்சீங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலையை அனுப்பும்போது ஸ்வெட்டர் போட்ட மனிதரை எடுக்க மறந்துவிட்டேன்.

“டெஸ்டுக்கு வெச்சேன். எடுத்துடு.”

“எடுத்துடறேன். ஆனா அக்கா, அவரு ஆகாசத்துல நிக்கிறாரு.”

படத்தை அனுப்பினான். மலைகளின் உயரம் இருக்கும் கோப்பை அவன் புதியதாக மாற்றியிருந்தான். பழையது விண்ணிலிருந்து அளந்தது. அது மேலிருந்து பார்க்கும்போது முதலில் எது தட்டுப்படுகிறதோ அதையே தரை என்று எழுதிவிடும். காடு இருக்கும் இடத்தில் அதற்குத் தரை என்பது மரங்களின் உச்சி. புதிய கோப்பில் மரங்களைக் கழித்துவிட்டு, நிஜமான மண்ணை வைத்திருந்தார்கள். பச்சைப் புள்ளி இருந்த இடத்தில் மண் கீழே இறங்கிவிட்டது. என் மனிதர் மட்டும் பழைய இடத்திலேயே, முகமும் கைகளும் வெள்ளையாக, தரையிலிருந்து நாற்பது அடி உயரத்தில் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தார். பச்சையும் அவரோடு அங்கேயே இருந்தது. கீழே மண்ணில் கறுப்பு.

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையாகிவிட்டது. மனிதர் முந்நூறு அடி எண்ணி, முந்நூற்றுப் பத்து அடி எண்ணி, மிகச் சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறார். காற்றில் நிற்கச் சொன்னவள் நான்.

வியாழன் காலை மூன்றாவது கடிதம் போனது. ‘தப்பு என்னுடையது. நீங்கள் நின்ற இடம் சரி. ஆனால் சிக்னல் அங்கே நாற்பது அடி உயரத்தில் இருக்கிறது. தயவுசெய்து மரம் ஏறாதீர்கள். நாளைக்கு ஆறு மணிக்கு நான் சும்மா ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்பேன். எடுக்காவிட்டால் பரவாயில்லை. மாதக் கடைசியில் வருவீர்களே, அப்போது சொல்லிக்கொள்கிறேன்.’

அந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளில் மேலே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் குறித்த இடத்தில் ஒரு பெரிய நாவல் மரம் இருக்கிறது. அந்த ஊருக்கே அதுதான் டெலிபோன். உச்சிக் கிளையில் ஒரு கப்பி கட்டி, நைலான் கயிறு மாட்டியிருக்கிறார்கள். போனை மஞ்சப்பையில் போட்டு மேலே இழுத்துவிடுவார்கள். திருவிழாவுக்குப் பாட்டுப் போட வாங்கிய ஒரு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து கீழே கல்மேல் வைப்பார்கள். கம்பியில்லாமலே போனோடு சேர்ந்து பேசும் ரகம் அது. திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுவார்கள். எல்லாரும் மரத்தடியில் உட்கார்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் பேசுவார்கள். என் கணவர் அந்த நேரத்தில் கிளினிக்கில் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பார், அதனால் அதைப் பார்த்ததில்லை.

முதல் வெள்ளிக்கிழமை ஊர்க்காரர்கள் வந்தபோது மரத்தடியில் அவர் நின்றிருந்தார். கையில் போன், கண் மூடியிருந்தது. ஊசி போடும்போது அவர் கண்ணை மூடுவதை ஏற்கெனவே பார்த்திருந்தவர்கள். ஐயா ஜெபம் பண்ணுகிறார் என்று எல்லாரும் சத்தமில்லாமல் பின்வாங்கி, குழந்தைகளை அதட்டி அடக்கி, தூரத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அடுத்த வெள்ளியும் அப்படியே. இரண்டு வெள்ளிக்கிழமையும் ஊரே பிள்ளைகளின் குரலைக் கேட்காமல் திரும்பியிருக்கிறது. நடுவில் போய் ஒரு வார்த்தை சொல்வது மரியாதை இல்லை என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. “ஜெபம்தான் பண்ணேன். போன் அடிக்கணும்னு” என்றார் என் கணவர், பின்னொரு நாள்.

மூன்றாவது கடிதத்தைப் படித்துவிட்டு அவர் மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்திருக்கிறார். விறகு சுமந்து வந்த ஒரு அம்மா என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாளாம். சிக்னல் மேலே இருக்கிறதாம் என்று இவர் சொல்ல, “அது தெரிஞ்சதுதான ஐயா. அதுக்குத்தான கயிறு” என்றாளாம்.

இதெல்லாம் தெரியாமல் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நான் பின்னறையில் உட்கார்ந்திருந்தேன். மழை விட்டிருந்தது. ஜன்னலில் ஈரத்தோல் வாசனை. பெண் குரலை எதிர்பார்த்துக் கூப்பிட்டேன்.

மணி அடித்தது.

நான்கு தடவை அடித்தது. ஒரு இரைச்சல், பிறகு, “ஹலோ.” கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தாலும் அவர் குரல்தான்.

“நான்தான். நீங்க ஒண்ணும் பேசாதீங்க, மொதல்ல நான் சொல்லிடறேன்.”

“இரு, இங்க எல்லாரும்…”

“இருக்க முடியாது. பஸ் ஸ்டாண்டுல நான் சொன்னது பொய். உங்க குரல் கேக்காம இந்த வீட்ல என்னால இருக்க முடியல. நீங்க உக்காந்த நாற்காலிய தொட்டுத் தொட்டுப் பாக்கறேன். மேப்பும் என் தப்பு, நீங்க சரியாத்தான் நின்னீங்க. மன்னிச்சிடுங்க. நீங்க பேசணும். தெனம் பேசணும்.”

மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்தது ஒரே மூச்சில் போய்விட்டது. பதிலுக்குக் காத்திருந்தேன். காற்று கேட்டது. இலைகள் கேட்டன. எங்கோ ஒரு குழந்தை சிணுங்க, யாரோ அதட்டினார்கள். ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். நிறையப் பேர் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது வரும் அமைதி அது, சர்ச்சில் கேட்டிருக்கிறேன். எனக்குக் காது சூடேறியது. அந்த நேரம் யாராவது கேமராவில் பார்த்திருந்தால் வெள்ளை வெளேரென்று தெரிந்திருக்கும்.

பிறகு ஒரு பெண் குரல். இந்த முறை அது வேறு பெண்.

“இன்னொரு வாட்டி சொல்லும்மா. காத்துல சரியா கேக்கல.”

யாரும் சிரிக்கவில்லை. நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். முதலிலிருந்து எல்லாவற்றையும், கொஞ்சம் சத்தமாக, இன்னொரு தடவை சொன்னேன்.